போலிக் கணக்கில் உங்கள் படமா? அழிக்க முன் இதைச் செய்யுங்கள்

களுவாஞ்சிக்குடியில் எனக்குத் தெரிந்த பிள்ளை ஒருத்தியின் படத்தைப் போட்டு, யாரோ பேஸ்புக்கில் கணக்குத் திறந்திருந்தார்கள். அண்ணன்மாரும் கூட்டாளிமாரும் சேர்ந்து ரிப்போட் அடித்தார்கள். அன்றே கணக்குப் போய்விட்டது, வீட்டில் நிம்மதி. மூன்றாம் நாள் அதே படத்தோடு இன்னொன்று வந்தது. பொலிசுக்குப் போனபோது, முதல் கணக்கைக் காட்டக் கையில் ஒன்றுமே இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், முதலில் ஆதாரம். பெயர் மட்டும் தெரிகிற ஸ்கிரீன்ஷொட் போதாது. பெயரை எந்நேரமும் மாற்றலாம். கணக்கின் லிங்கைக் கொப்பி பண்ணி, பார்த்த திகதி, நேரத்தோடு எழுதி வையுங்கள். மிரட்டி வந்த வட்ஸ்அப் மெசேஜை அழிக்கவே வேண்டாம்.

அப்புறம் ரிப்போட் அடியுங்கள். வழி தெரியாவிட்டால், இணையப் பாதுகாப்பைக் கவனிக்கிற ஸ்ரீலங்கா சேர்ட் (Sri Lanka CERT) நிறுவனத்தின் 101 இலக்கத்துக்கு எடுங்கள். முறைப்பாட்டை உங்கள் ஊர்ப் பொலிசிலேயே கொடுக்கலாம். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

உங்கள் சொந்தக் கணக்குக்குள்ளேயே ஆள் புகுந்திருந்தால், அது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தில் வரும். தொல்லை கொடுப்பதற்காக ஒருவரின் அந்தரங்கப் படத்தையோ விபரத்தையோ பரப்புவதை, 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. அந்தச் சட்டம் தடைசெய்த பொய்க்கூற்றால் பாதிக்கப்பட்டவர், அது மேலும் பரவாமல் தடுக்கச் சொல்லி நீதவான் நீதிமன்றத்தில் மனுவும் சத்தியக்கடதாசியும் கொடுக்கலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லாதவர்கள் மட்டக்களப்பிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள்.

ஒன்றைப் பலர் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். அவதூறு இப்போது தண்டனைக் குற்றம் இல்லை. 2002இல் அதை நீக்கிவிட்டார்கள். பெயரைக் கெடுத்ததற்கு நட்டஈடு கேட்பதென்றால் மாவட்ட நீதிமன்றத்தில் சிவில் வழக்குத்தான். அது இழுபடும்.

அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டினால் காசு கொடுக்காதீர்கள், கொடுத்தால் திரும்பவும் கேட்பார்கள். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஸ்டொப் என்சிஐஐ (StopNCII.org) என்ற இலவச இணையச் சேவை இருக்கிறது. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. படத்துக்கு ஒரு கைரேகை போல, அதிலிருந்து கணக்கிட்ட எண் அடையாளம் மட்டுமே போகும். அதை வைத்து, சேவையில் இணைந்த பேஸ்புக், இன்ஸ்டகிராம் போன்ற தளங்கள் அந்தப் படம் ஏறுவதைத் தடுக்கும்.

பெண்கள் 1938க்கும், சிறுவர் விடயமென்றால் 1929க்கும் எடுக்கலாம். ஊருக்குள் கதை பரவும் என்று பயந்து பிள்ளையின் போனைப் பறித்து உடைக்காதீர்கள், அம்மா அப்பாமாரே. ஆதாரம் அதற்குள்தான் இருக்கிறது.