உள்ளே பேசுவது யார்?

"மனநோய் மூளையில்தான் வருகிறது என்றால் மாத்திரை போதாதா? ஊர் நம்பிக்கைக்கு அதில் என்ன வேலை?" என்று கேட்டிருந்தார் ஒரு வாசகர். மனச்சிதைவு நோயை எடுத்துக்கொள்வோம். அருகில் யாரும் இல்லாதபோதும் குரல் கேட்பது அதன் முக்கிய அறிகுறி.

நாம் பேசும்போது, பேச்சை உருவாக்கும் மூளைப்பகுதி கேட்கும் பகுதிக்கு முன்கூட்டியே ஒரு நகலை அனுப்பிவிடுகிறது: வரப்போவது நம் குரல்தான், பொருட்படுத்தாதே. கேட்கும் பகுதியும் அடங்கிவிடுகிறது. நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாததும் இதே ஏற்பாட்டால்தான். மனச்சிதைவில் இந்த முன்னறிவிப்பு பிசகுகிறது. தலையில் மின்முனைகளைப் பொருத்தி அளந்தால், சொந்தக் குரலுக்கு மூளை காட்டவேண்டிய அடக்கம் குறைந்திருப்பது தெரிகிறது. மனதுக்குள் ஓடும் பேச்சு முகவரி இல்லாமல் வந்து சேர, வேறு யாரோ பேசுவதாகத் தோன்றுகிறது என்பது இன்றைய முக்கிய விளக்கம். குரல் கேட்கும் நோயாளிகள் சிலருக்குத் தம் கையே தொட்டாலும் பிறர் தொட்டதுபோலவே கூசுகிறது! எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத ஆய்வு அது.

அந்த 'யாரோ' யார்? இங்கேதான் ஊர் நுழைகிறது. மானுடவியலாளர் டான்யா லூர்மன், சென்னையின் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பின் மருத்துவர்கள் உள்ளிட்டோருடன் சேர்ந்து சென்னை, கானாவின் அக்ரா, கலிபோர்னியாவின் சான் மாட்டியோ ஆகிய ஊர்களில் தலா 20 நோயாளிகளிடம் பேசினார். 2014இல் முடிவுகள் வெளியாயின. அமெரிக்கர்கள் பலருக்குக் கேட்டவை வன்முறைக் கட்டளைகள்; அதை மூளைக்கோளாறு என்றே அவர்கள் விவரித்தார்கள். அக்ராவில் பலருக்குக் கடவுள் பேசினார். சென்னையில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கேட்டது உறவினர் குரல். அது திட்டும், வீட்டு வேலையைச் செய்யவும் சொல்லும்.

மாத்திரை குரலைத் தணிக்கும். ஆனால் அதைத் தொடர்ந்து விழுங்க வைப்பது நோயாளியும் குடும்பமும் நம்பும் விளக்கம்தான். செய்வினை என்று நம்பினால் மாதக்கணக்கில் மந்திரவாதி வீட்டு வாசல். சிகிச்சை தள்ளிப்போகப்போக மருந்துக்குப் பலனும் குறையும். அதற்காக "எல்லாம் மூடநம்பிக்கை" என்று எரிந்துவிழும் மருத்துவரிடம் அந்தக் குடும்பம் மறுமுறை வராது.

என் கோபம் வழிபாட்டின் மேல் அல்ல, சங்கிலியின் மேல். மனநோய் தீரும் என்று நம்பிப் பலர் வரும் தர்கா இருக்கும் ஊர் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு மனநலக் காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்திருக்கிறது. ஏர்வாடி தர்காவுக்கு வருவோருக்கு அங்கேயே மனநல சிகிச்சை தரும் அரசுத் திட்டமும் வந்தது. மந்திரித்த தண்ணீரில் விழுங்கினாலும் மாத்திரை வேலை செய்யும். இந்த எளிய ஏற்பாடு அந்தத் தீக்கு முன்பே வந்திருக்க வேண்டும்.