கறுப்புத் திரையைக் கண்டவுடன் போர்மற் அடிக்காதேயுங்கோ

போன கிழமை புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு ரியூசன் வாத்தியார் கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "தம்பி, லினக்ஸ் செத்துப்போச்செண்டு ஒருத்தர் போர்மற் அடிச்சு வின்டோஸ் போட்டுத் தந்தவர். என்ர வினாத்தாளெல்லாம் எங்க?" லினக்ஸ் என்பது வின்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளம். போர்மற் என்பது டிஸ்க்கைத் துடைத்துப் புதிதாக்குவது. எங்கே என்று நான் சொல்ல! ஏஎல் (உயர்தரப் பரீட்சை) பிள்ளைகளுக்கு வருடக்கணக்காகத் தட்டிச் சேர்த்தவை. இப்படி வருகிறவர்களில் இவர் எத்தனையாவது ஆள் என்று எனக்கே தெரியாது.

லினக்ஸ் ஏறாமல் நின்ற அந்தக் கறுப்புத் திரையை அவர் போனில் படம் எடுத்து வைத்திருந்தார். பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசி வரியில் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று நிற்கிறது. அதற்கு மேலே, எஃப்எஸ்சிகே (டிஸ்க்கில் கோப்புக் கணக்கைச் சரிபார்க்கிற) கட்டளையை நீங்களே ஓட்டுங்கள் என்று பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்த பகுதி) பெயரோடு எழுதியிருக்கிறது. அதாவது பெட்டியை முதலில் எழுப்பும் பயோஸ் எழும்பி, லினக்ஸை ஏற்றிவிடும் கிரப் வந்து, லினக்ஸின் மையமான கேர்னலும் ஏறிவிட்டது. இனிட்ராம்எஃப்எஸ் என்பது கேர்னலோடு கூட வரும் சின்னத் தொகுதி. அதற்கு, லினக்ஸ் இருக்கிற உண்மையான ரூட் பார்ட்டிஷனைத் தேடிப் பிடித்து ஒப்படைப்பதுதான் வேலை. கரண்ட் பட்டென்று போனதில் அங்கே கணக்குப் பிசகியிருக்கிறது. கேட்காமல் கைவைக்கமாட்டேன் என்று நின்றுவிட்டது. பெரும்பாலும் ஒரு கட்டளை, ஒரு ரீஸ்டார்ட். (டிஸ்க் டக்டக் என்று சத்தம் போட்டால் மட்டும் அந்தக் கட்டளையைத் தொடவேண்டாம். முதலில் முழு டிஸ்க்கையும் பிரதி எடுக்கவேணும்.)

"இல்லை அண்ணை, வின்டோஸே போர்மற் பண்ணச் சொல்லுதே" என்பார்கள். சொல்லும்தான்! லினக்ஸ் டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பியால் வின்டோஸ் பெட்டியில் செருகினால், பாவிக்க முதல் போர்மற் பண்ணு என்று கேட்கும். டிஸ்க் பழுது என்று அதற்கு அர்த்தமில்லை. உள்ளே இருப்பது எக்ஸ்ட்4, லினக்ஸ் கோப்புகளை அடுக்கி வைக்கிற முறை. வின்டோஸுக்கு அதைத் தானாக வாசிக்கத் தெரியாது. எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது என்பதற்காக அந்தக் கொப்பி வெறுங்கொப்பி ஆகிவிடுமா? வைரஸும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அந்தக் கேள்விக்கு 'கான்சல்' அழுத்துங்கள். வின்டோஸுக்குள் சி, டி என்று டிரைவ் எழுத்தில்லாமல் கிடக்கும் பார்ட்டிஷனைச் சும்மா கிடக்குது என்று அழிப்பதும் இதே கூத்துத்தான். அடுத்தநாள் கிரப் தன் கோப்புகளைக் காணாமல் 'கிரப் ரெஸ்கியூ' என்று வந்து நிற்கும்.

எங்கே நிற்கிறது என்பதை வைத்தே பாதி வைத்தியம். கம்பனி லோகோவே வரவில்லையென்றால் ராமைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பாருங்கள். நேரம் பல வருடம் பின்னுக்குப் போயிருந்தால் மதர்போட்டில் உள்ள சிஆர்2032 பற்றறியை மாற்றுங்கள். பழைய பெட்டிகள் அதோடு பயோஸ் செற்றிங்கையும் மறந்துவிடும். அப்டேட்டுக்குப் பிறகு ஏறவில்லையா? கிரப் மெனுவில் பழைய கேர்னலைத் தெரிவுசெய்யுங்கள். 'எமர்ஜென்சி மோட்' வந்தால், எஃப்எஸ்டாபில் (எழும்பும்போது இணைக்கவேண்டிய டிஸ்க்குகளின் பட்டியல்) எழுதிவிட்டுச் செருக மறந்த டிஸ்க் ஏதும் உண்டா என்று பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் இடிமின்னலோடு கரண்ட் போய்ப்போய் வரும். யூபிஎஸ் ஒன்று வாங்குங்கோ, கெஞ்சிக் கேட்கிறேன். பவர் பட்டனை அமத்திப் பிடிக்கிற பழக்கத்தை விடுங்கோ. திரையைப் படம் எடுங்கோ. போர்மற் அடித்தே ஆகவேணும் என்று யாரும் சொன்னால், லைவ் யூஎஸ்பியில் (டிஸ்க்கைத் தொடாமல் யூஎஸ்பியிலிருந்தே லினக்ஸை ஓட்டுவது) ஏற்றிக் கோப்புகளை முதலில் எடுத்துத் தரச் சொல்லுங்கோ. ஏலாது என்றால் பெட்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வெளிக்கிடுங்கோ.