ஷரெட்: தமிழில் ‘கூட்டு வரைவரங்கு’

நகரத் திட்டமிடல் குறித்த எழுத்துகளில் வரும் ‘ஷரெட்’ என்னும் சொல்லைப் பயிலரங்கு என்றோ கருத்துக்கேட்புக் கூட்டம் என்றோ பெயர்த்துவிட்டுக் கடந்துவிடத் தோன்றும். ஆனால் அவ்விரண்டும் அச்சொல்லின் உயிரைத் தவறவிடுகின்றன.

ஒரு நிலப்பகுதியில் எங்கே குடியிருப்பு அமைய வேண்டும், எவ்வழியே சாலை செல்ல வேண்டும், எந்த இடம் நீருக்கும் மரத்துக்கும் உரியதாக விடப்பட வேண்டும் என்பவற்றை, அங்கு வாழ்வோரும் நில உரிமையாளரும் திட்ட வல்லுநரும் பொறியாளரும் பொதுச் சுகாதாரத் துறையினரும் முடிவெடுக்கும் பொறுப்பில் உள்ளோரும் ஒரே இடத்தில் சில நாள்கள் தொடர்ந்து கூடி, வரைந்தும் திருத்தியும் தீர்மானிக்கும் முறையே ஷரெட் ஆகும்.

பிரெஞ்சு மொழியில் இச்சொல்லுக்குச் சிறு வண்டி என்பதே பொருள். 19ஆம் நூற்றாண்டில் பாரிசின் நுண்கலைப் பள்ளியில் கட்டடக்கலை மாணவர்களின் வரைபடங்களைக் குறித்த நேரத்தில் திரட்டிச் செல்ல ஒரு தள்ளுவண்டி வருமாம். வேலை முடியாதவர்கள் வண்டி நகர நகர அதனுடனேயே சென்று கடைசிக் கோடுகளை இட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. அதனால் கெடு நெருங்கும்போது மூச்சுவிடாமல் செய்யும் வேலைக்கே வண்டியின் பெயர் ஆகிவந்தது. பின்னர் 20ஆம் நூற்றாண்டில், பலர் கூடிக் குறுகிய காலத்தில் திட்டம் தீட்டுவதையும் அச்சொல் குறிக்கலாயிற்று. 1967இல் அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகம், பல்துறை வல்லுநர் குழுக்களை ஊர்களுக்கு அனுப்பி அங்குள்ளோருடன் சேர்ந்து சில நாள்களில் திட்டம் வகுக்கும் பணியைத் தொடங்கியது இவ்வழக்கத்துக்கு நெருங்கிய முன்மாதிரியாகும்.

இச்சொல்லின் உறவு ஒன்று தமிழில் முன்பே குடியேறிவிட்டது என்பது எனக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. ஊர்வலத்தில் வரும் சாரட்டு வண்டியின் ‘சாரட்டு’ம் ஷரெட்டும் இலத்தீனின் ‘கர்ருஸ்’ என்னும் வண்டிப் பெயரிலிருந்து கிளைத்தவையே. ஆயினும் சாரட்டு என்றால் நமக்குக் குதிரைதான் நினைவுக்கு வரும் என்பதால், அதை இப்பொருளுக்கு எடுத்தாள இயலாது.

தமிழில் எதைச் சொல்வது? பயிலரங்கில் கற்கிறோம், கலந்தாய்வில் பேசுகிறோம், கருத்துக்கேட்பில் ஒருவர் சொல்ல மற்றவர் கேட்கிறார். 1969இல் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்னும் அறிஞர் குடிமக்கள் பங்கேற்பை 8 படிகள் கொண்ட ஏணியாக விளக்கியபோது, கருத்துக்கேட்பை 4ஆம் படியில், பெயரளவிலான பங்கேற்பு என்ற வகைக்குள் வைத்தார். அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டுப் பொறுப்பு 6ஆம் படியில்தான் தொடங்குகிறது. ஆகவே ஷரெட்டைக் கருத்துக்கேட்பு என்று எழுதும்போது நாம் சொல்லை மட்டுமல்லாமல், மக்களின் இடத்தையும் கீழே இறக்கிவிடுகிறோம்.

ஷரெட்டின் தனித்தன்மை வரைதலில் இருக்கிறது. வாகனங்களுக்காகச் சாலையை அகலமாக்கும் கோடு, நிழல் தரும் மரங்களை வெட்டிச் செல்வதையும் முதியோர் நடக்கும் வழியைத் துண்டிப்பதையும் தனித்தனி அலுவலகங்களில் இருப்போர் உடனே உணர மாட்டார்கள். ஒரே தாளின் மேல் அனைவரும் குனிந்திருக்கும்போது அது மறைக்க முடியாதபடி தெரிந்துவிடும். உடனே கோடு மாறும், மீண்டும் அனைவர் முன்னும் வைக்கப்படும், மீண்டும் திருத்தப்படும். இச்சுற்று பலமுறை நிகழ்வதற்காகவே நாள்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்கிறார்கள்.

எனவே ‘கூட்டு வரைவரங்கு’ என்பதே பொருத்தமென்று கருதுகிறேன். ஆய்வு, அரங்கு என்பன ஆய்வரங்கு ஆனதுபோல, வரைவும் அரங்கும் இணைந்து வரைவரங்கு ஆகும். வரைவு என்பது கோடிடுதலையும், இறுதி பெறாத, இன்னும் திருத்தத்தக்க முதல் வடிவத்தையும் ஒருசேரச் சுட்டும். ‘வரை’ என்னும் வேருக்கு எல்லை வகுத்தல் என்ற பொருளும் உண்டு; நிலத்தைப் பற்றிய கலைச்சொல்லுக்கு இதைவிட இயல்பான வேர் எனக்குத் தென்படவில்லை. சங்க இலக்கியத்தில் வரைதல் மணந்துகொள்ளுதலையும் குறித்தது என்பது இங்கே நேரடியாகப் பயன்படாவிட்டாலும் நினைத்துப் பார்க்க இனியது.

“ஏரிக்கரைப் பகுதியின் நிலப் பயன்பாடு ஐந்து நாள் கூட்டு வரைவரங்கில் வகுக்கப்பட்டது” என்று எழுதலாம். முன்பே முடித்துவைத்த திட்டத்தைத் திரையிட்டுக் காட்டி ஒப்புதல் பெறும் நிகழ்ச்சிக்கு இச்சொல்லைத் தரக் கூடாது. அதற்கு விளக்கக் கூட்டம் என்ற பெயர் போதும்.