‘சீனியர் ஸ்டேட்டஸ்’: பணிதொடர் ஓய்வு

அமெரிக்காவின் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றங்களில் வழக்குகளை முதல்நிலையில் விசாரிக்கும் நீதிபதிகளுக்கு ஓய்வு வயது கிடையாது. அதிபர் நியமித்து செனட் ஒப்புதல் அளித்துவிட்டால், நன்னடத்தை உள்ளவரை பதவி அவர்களுடையது. முதுமையில் அப்பதவியைத் துறக்காமலேயே வேலையைக் குறைத்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கும் நிலைதான் ‘சீனியர் ஸ்டேட்டஸ்’. 65 வயதில் 15 ஆண்டுப் பணி, 70 வயதில் 10 ஆண்டுப் பணி என, வயதும் பணிக்காலமும் சேர்ந்து 80 ஆக வேண்டும். அந்நிலைக்கு மாறியவரின் இடத்துக்குப் புதியவர் நியமிக்கப்படுவார். மாறியவரோ நீதிபதியாகவே இருந்து, குறைந்த அளவில் வழக்குகளை விசாரிப்பார். வீட்டிலிருந்தாலும் ஓய்வுக்கால ஊதியம் கிடைக்கும் என்பதால், ஒருவகையில் இது சம்பளமில்லா உழைப்பே.

‘சீனியர்’ என்பது முதியவரைக் குறிக்கும் ‘செனெக்ஸ்’ என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது. இவர்களுக்கு ஒப்புதல் அளிக்கும் செனட்டின் பெயருக்கும் அதுவே வேர். எனினும், 1919ஆம் ஆண்டுச் சட்டம் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தபோது இப்பெயர் இல்லை. முறையான முழுப்பணியிலிருந்து ஓய்வு என்றே அது குறிக்கப்பட்டது. அக்காலத்தில் ‘சீனியர்’ என்ற அடைமொழி, பணிமூப்பில் முதலிடம் வகித்தவருக்கு உரியதாயிருந்தது. 1948இல் அவருக்குத் தலைமை நீதிபதி என்ற பெயர் வந்ததால் அடைமொழி ஆளின்றி நின்றது. 1958ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஓய்வுக்குப் பின்னும் பணியாற்றுவோருக்குச் சூட்டியது.

கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் பணியாற்றிய வெஸ்லி பிரவுன் 1907இல் பிறந்தவர். 1962இல் அதிபர் கென்னடியால் நியமிக்கப்பட்டு, 1979இல் இந்நிலைக்கு மாறினார். இறுதி ஆண்டுகளில் மூக்கில் ஆக்சிஜன் குழாயுடன் ஆசனத்தில் அமர்ந்து வழக்கு கேட்ட அவர், 2012 ஜனவரியில் தமது 104ஆம் வயதில் மறையும்வரை நீதிபதியாகவே இருந்தார்.

இந்நிலையிலுள்ளவரை ‘மூத்த நீதிபதி’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது பொருந்தாது; நம் வழக்கில் அது இன்றும் பணிமூப்பையே சுட்டுகிறது. ‘ஓய்வுபெற்ற நீதிபதி’ பதவியை விட்டவர். ‘கௌரவ நீதிபதி’ என்பதோ வெறும் அலங்காரப் பதவியாக ஒலிக்கும். பணி தொடரும் ஓய்வு என விரியும் வினைத்தொகையாகப் ‘பணிதொடர் ஓய்வு’ என்பதே என் பரிந்துரை. “பிரவுன் 1979இல் பணிதொடர் ஓய்வுக்கு மாறினார்” என்று எழுதலாம். “ஓய்வுபெற்றார்” என்று மட்டும் எழுதினால், அதன்பின் 32 ஆண்டுகளாக அவர் பிறப்பித்த உத்தரவுகள் எந்த அதிகாரத்தில் வந்தவை என்று வாசகர் குழம்புவார்.