மாஸ்கிங் – இயல்பு மறைப்பு

ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் தங்கள் நட்பையும் இல்லறத்தையும் பற்றிப் பேசும்போது அடிக்கடி வரும் சொல் ‘மாஸ்கிங்’. நாலு பேரோடு இருக்கையில் தமக்கு இயல்பாக வருவதை அடக்கிக்கொண்டு, சுற்றியிருப்பவர்கள் எதிர்பார்ப்பதைச் செய்துகாட்டுவது என்று பொருள்.

சொல்லின் வேர் முகமூடிதான். இத்தாலிய ‘மாஸ்கெரா’ பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. ஆய்வாளர்கள் முழுச் செயலையும் ‘கமுஃபிளாஜிங்’, அதாவது உருமறைப்பு, என்பார்கள். 2018இல் ஆய்வாளர் லாரா ஹல் குழுவினர் வெளியிட்ட 25 கூற்றுகள் கொண்ட வினாத்தாள் அதை ஈடுகட்டுதல், மறைத்தல், கூட்டத்தோடு கலந்துவிட முயலுதல் என மூன்றாகப் பிரிக்கிறது. மாஸ்கிங் இதில் இரண்டாவது மட்டுமே. பேச்சுவழக்கில் மூன்றுக்கும் அதுவே பெயராகிவிட்டது.

கண்ணுக்குக் கண் பார்ப்பது தாங்காது என்பதால் ஒருவர் எதிரிலிருப்பவரின் புருவங்களுக்கு நடுவே பார்ப்பார். முறைப்பதாகத் தோன்றாமலிருக்க, எப்போது பார்வையை விலக்குவது என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டிருப்பார். ஆடத் துடிக்கும் கையைப் பைக்குள் விட்டு விரல்நுனியை மட்டும் தேய்ப்பார். மற்றவர்கள் சிரித்த பிறகு தானும் சிரிப்பார். கவனமெல்லாம் இதிலேயே போய்விடுவதால் பேசிய விஷயத்தில் பாதி மண்டையில் ஏறாது. ‘நேற்றே சொன்னேனே!’ என்ற கோபம் மறுநாள் வரும்.

வீடு திரும்பியதும் பேச்சே எழாது. ‘ஊரிலெல்லாம் சிரித்துப் பேசுகிறாய், எனக்கு மட்டும் முகம் கொடுக்கமாட்டாயா?’ என்று துணை வருந்துவது இங்கேதான். உண்மையில், மறைக்காமல் இருக்க முடிகிற ஒரே இடம் அதுவாக இருக்கலாம். ‘கண்ணைப் பார்த்துத்தானே பேசுகிறீர்கள்’ என்று சொல்லி மருத்துவர்களே ஆட்டிசத்தைக் கவனிக்காமல் விடுவதும் உண்டு.

தமிழில் நடிப்பு, வேஷம், பாசாங்கு என்றெல்லாம் எழுதுகிறார்கள். மூன்றிலும் ஏமாற்றும் நோக்கம் ஒட்டியிருக்கிறது. ‘முகமூடி கிழிந்தது’ என்றாலே கள்ளம் வெளிப்பட்டது என்றுதான் நமக்குப் பொருள். தவிர, முகமூடியை நினைத்தபோது கழற்றலாம். சிறுவயதிலிருந்தே மறைத்துப் பழகிய பலருக்குத் தாம் மறைக்கிறோம் என்பதே தெரியாது. ஆகவே ‘இயல்பு மறைப்பு’ பொருந்தும். ‘இயல்பை மறைத்தேன்’ என்று வினையாகவும் தடையின்றி வரும்.

இதன் எதிர்ச்செயலான ‘அன்மாஸ்கிங்’குக்கு ‘இயல்புக்குத் திரும்புதல்’ என்று ஏற்கெனவே நம்மிடம் புழங்கும் தொடரே போதும். ஒரே நாளில் எல்லாவற்றையும் விட முயன்றால், பழகிய பாதுகாப்பு போய்ப் பதற்றம்தான் கூடும். நம்பிக்கையான ஒருவரிடம், ஒரே ஒரு விஷயத்தில் தொடங்கலாம்: வேறெங்கோ பார்த்தபடி பேசுவது, அல்லது கையை அதன் போக்கில் ஆடவிடுவது. வேலை பறிபோகும் இடத்தில் மறைத்துக்கொள்வது அவரவர் முடிவு. அதைக் குறை சொல்லக்கூடாது.

‘நாள் முழுக்க இயல்பை மறைத்துக் களைத்துவிட்டேன், ஒரு மணி நேரம் எதுவும் கேட்காதே’ என்றால் துணைக்குப் புரியும். ‘நடித்துக் களைத்துவிட்டேன்’ என்றால், ‘அப்போது என்னிடமும் நடிப்புதானா?’ என்ற கேள்விதான் திரும்ப வரும்.