தவளையை எண்ணுவது எப்படி?

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில், உறைபனி உருகித் தேங்கும் உயரமான ஏரிகளில் வாழ்வது மஞ்சள்கால் தவளை. நூறு ஆண்டுகளுக்கு முன் விலங்கியலாளர் ஜோசப் கிரின்னலின் குழு அந்த மலைகளிலுள்ள யோசெமிட்டி பகுதியை ஆராய்ந்தபோது, அங்கே மிக அதிகமாகத் தென்பட்ட இருவாழ்வி இதுதான். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பெரும்பாலான ஏரிகளில் இது அற்றுப்போனது.

ஏன் என்று கண்டுபிடிக்க முதலில் எண்ண வேண்டும். கரையோரம் நடந்து எண்ணினால் போதாதா? நல்ல வெயிலில் பாறைக்குப் பாறை தவளை இருக்கும். காற்றடித்துக் குளிர்ந்தால் பாதிகூடக் கண்ணில் படாது. ஆகவே பிடித்து, தோலுக்கடியில் அரிசி மணி அளவு சிப் ஒன்றைச் செலுத்தி விட்டுவிடுகிறார்கள். அதில் பேட்டரி கிடையாது. கருவியை அருகில் கொண்டுபோனால் அந்தத் தவளைக்கே உரிய எண்ணைக் காட்டும்.

அப்புறம் கணக்கு. முதல் நாள் 60 தவளைகளுக்குச் சிப் வைத்தோம் என்று கொள்வோம். மறுநாள் பிடித்த 50-இல் 20-க்குச் சிப் இருக்கிறது, அதாவது ஐந்தில் இரண்டு பங்கு. அப்படியானால் முதல் நாளின் 60-உம் மொத்தத்தில் ஐந்தில் இரண்டு பங்காகத்தான் இருக்க வேண்டும். ஏரியில் ஏறக்குறைய 150 தவளைகள்.

ஆனால் தொகை மட்டும் தெரிந்து பெரிய பயனில்லை. எத்தனை சாகின்றன, எத்தனை புதிதாகச் சேர்கின்றன என்பதே கேள்வி. அதற்காக ஒவ்வொரு கோடையிலும் சில நாட்கள் அடுத்தடுத்துப் பிடிக்கிறார்கள். ஒரு தவளை முதல் ஆண்டு கிடைத்தது, இரண்டாம் ஆண்டு இல்லை, மூன்றாம் ஆண்டு மறுபடி கிடைத்தது என்றால், நடுவில் அது உயிரோடுதான் இருந்தது. நம் கையில் சிக்கவில்லை, அவ்வளவுதான். இப்படி நம் கையில் சிக்காமல் போனவற்றை வைத்தே சிக்காமல் போகும் வாய்ப்பைக் கணக்கிட்டு, இறப்பைத் தனியே பிரித்துவிடலாம். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

அந்த ஏரிகளில் இரண்டு எதிரிகள். ஒன்று, தூண்டில் பொழுதுபோக்குக்காக மனிதர்கள் கொண்டுவந்து விட்ட டிரவுட் மீன். அது தலைப்பிரட்டைகளைத் தின்றுவிடும். இங்கே தலைப்பிரட்டை தவளையாக இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் ஆகும். குளிர்காலத்தில் அடிவரை உறையாத ஆழமான ஏரி அதற்குத் தேவை. மீனுக்கும் அதே ஏரிதான் வேண்டும்.

மற்றொன்று, தவளையின் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை. தவளையின் தோலைப் பஞ்சுக்குச்சியால் தடவி, பூஞ்சையின் டிஎன்ஏவை அளந்து பார்த்தார்கள். சராசரி சுமை ஒரு தவளைக்குச் சுமார் 10,000 பூஞ்சை வித்துகளைத் தாண்டியதும் கூட்டமே சரிந்தது. தோல் வழியே நடக்கும் உப்புச் சமநிலை கெட்டு இதயம் நின்றுவிடுகிறது. இந்தப் பூஞ்சை பற்றுவது தோலிலுள்ள கெரட்டின் என்ற புரதத்தை. தலைப்பிரட்டைக்கு வாய்ப்பகுதியில் மட்டுமே கெரட்டின் இருப்பதால் அது பிழைத்துக்கொள்ளும், உருமாறியதும் மடியும். ஏரியில் தலைப்பிரட்டைகளை மட்டும் எண்ணுபவருக்கு எல்லாம் நலமாகவே தெரியும்.

மீன்களை வலைபோட்டு அகற்றிய ஏரிகளில் தவளைகள் பெருகின. யோசெமிட்டியில் 20 ஆண்டுகளில் 7,000-க்கும் மேற்பட்ட கணக்கெடுப்புகளைச் சேர்த்து 2016-இல் வெளியான ஆய்வின்படி, தவளைகள் ஆண்டுக்கு 11 சதவீதம் கூடி வந்தன. பூஞ்சை போகவில்லை, அதைத் தாங்கும் கூட்டங்கள் மீண்டெழுந்தன.

அந்தக் கூட்டங்களிலிருந்து தவளைகளை எடுத்து, வெறுமையான ஏரிகளில் இப்போது விடுகிறார்கள். விடுவதற்கு முன் ஒவ்வொன்றுக்கும் சிப். சில ஆண்டுகள் கழித்து அங்கே சிப் இல்லாத வளர்ந்த தவளை ஒன்று கையில் சிக்கினால், அது அந்த ஏரியிலேயே பிறந்து வளர்ந்தது.