நாய் பின்பக்கத்தைத் தரையில் தேய்த்தால், முதலில் வாலைத் தூக்கிப் பாருங்கள்

போன மாதம் ஒரு நாள் கிளினிக்கை மூடும் நேரத்தில், ஒரு பெரியவர் தன் பொமரேனியனைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். ஆறு வயது ஆண் நாய். "ரெண்டு மாசமா பின்பக்கத்தைத் தரையில தேய்ச்சுக்கிட்டே இருக்கும்மா. பூச்சி மாத்திரை மூணு தடவை குடுத்தாச்சு. இன்னைக்கு வால்கிட்ட கை வெச்சாலே கடிக்க வருது" என்றார்.

வாலை மெல்லத் தூக்கினேன். ஆசனவாய்க்கு வலப்பக்கம் பெரிய நெல்லிக்காய் அளவுக்கு வீக்கம். தோல் சிவந்து, மெலிந்து, நடுவில் கருநீலமாகியிருந்தது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் தானே உடைந்திருக்கும். இந்த இரண்டு மாதத்தில் மாத்திரை மூன்று முறை உள்ளே போயிருக்கிறது, வாலைத் தூக்கி ஒருவரும் பார்க்கவில்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். நாய் தரையில் தேய்த்தால் 'பூச்சி' என்றுதான் நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறோம். ஆனால் என் மேஜைக்கு வரும் நாய்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் பூச்சி இல்லை.

நாயின் ஆசனவாயை ஒரு கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். 4 மணி இருக்கும் இடத்திலும் 8 மணி இருக்கும் இடத்திலும் தோலுக்கு அடியில் இரண்டு சின்னப் பைகள் உண்டு. அவற்றில் மீன் நாற்றம் அடிக்கும் ஒரு திரவம் ஊறும். ஒரு நாயை இன்னொரு நாய் முகர்ந்து அடையாளம் தெரிந்துகொள்வதில் இந்த வாடைக்குப் பங்கு உண்டு. மலம் கெட்டியாக வெளியேறும்போது பைகள் அழுத்தப்பட்டு, திரவம் கொஞ்சம் வெளியே வந்துவிடும். மலம் தளர்வாகவே போனால் அந்த அழுத்தம் கிடைக்காது. திரவம் உள்ளேயே தங்கி, நாள் ஆக ஆகப் பற்பசை மாதிரி கெட்டியாகும். பையின் வாய் அடைபடும். அரிக்கும், கனக்கும், வலிக்கும். நாய்க்குக் கை இல்லை, அதனால் உட்கார்ந்து தரையில் இழுக்கிறது, அல்லது திரும்பி நக்குகிறது. அடைபட்ட பையில் கிருமி சேர்ந்தால் சீழ் பிடிக்கும். அந்தப் பெரியவரின் நாய்க்கு நடந்தது இதுதான்.

அப்புறம் அவரிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன். காலையில் பால் சோறு, ராத்திரி பால் சோறு, நடுவில் பிஸ்கட். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிக்காது. மலம் எப்போதும் கூழாகவே போகும். அதோடு இந்த நாய் இருக்க வேண்டிய எடையைவிட இரண்டு கிலோ அதிகம். பருமனான நாய்களுக்கும், பொமரேனியன், பக், ஷிட்ஸு போன்ற சின்ன இனங்களுக்கும் இந்தத் தொல்லை அடிக்கடி வரும். பாலை நிறுத்தினோம். சோற்றைக் குறைத்து, வேகவைத்த கோழி இறைச்சியோடு வேகவைத்த பரங்கிக்காய் இரண்டு ஸ்பூன் சேர்க்கச் சொன்னேன். உப்பு, மிளகாய், வெங்காயம், பூண்டு எதுவும் கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களையே சிதைக்கும். மீந்த பிரியாணியை நாய்க்கு வைக்கும் வீடுகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பையை அழுத்தி எடுக்கும் வேலையை வீட்டில் நீங்களே செய்யாதீர்கள். கையுறை போட்டு, விரலை உள்ளே விட்டு, பையின் அடியிலிருந்து வாய் நோக்கி மெதுவாக அழுத்த வேண்டும். வெளியிலிருந்து இறுக்கிப் பிதுக்கினால், வீங்கிய பை உள்ளுக்குள்ளேயே கிழியலாம். இன்னொன்று: குளிப்பாட்டும் இடங்களில் 'மாதம் ஒரு தடவை கிளாண்ட் எடுத்துவிடுகிறோம்' என்பார்கள், இந்தப் பையைப் பிதுக்குவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். தொல்லை இல்லாத நாய்க்கு அது தேவையே இல்லை. சும்மா இருக்கும் பையை அடிக்கடி பிதுக்கினால் அதுவே புண்ணுக்கு வழி ஆகலாம்.

சீழ்க்கட்டி உடைந்துவிட்டால் நம் வெயிலிலும் ஈரத்திலும் வேறொரு ஆபத்து இருக்கிறது. ஈ வந்து முட்டையிடும். ஒரு நாளுக்குள் புழு வைத்துவிடும். வால் முடிக்குள் மறைந்திருப்பதால் நாற்றம் வந்த பிறகுதான் பலருக்குத் தெரிகிறது. அந்த நேரத்தில் மண்ணெண்ணெயோ பினாயிலோ ஊற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். புழுவோடு சேர்ந்து சதையும் வெந்துபோகும், நாய் அதை நக்கி விழுங்கும். உப்புக் கரைத்து ஆறவைத்த வெந்நீரால் மேலாகக் கழுவி, சுத்தமான துணியால் ஈ மொய்க்காமல் மூடி, அன்றைக்கே அழைத்து வாருங்கள். பக்கத்து அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போனாலும் சரி.

சரி, பூச்சியே காரணமாக இருக்காதா? இருக்கும். ஆனால் அதற்கு ஓர் அடையாளம் உண்டு. வால் ஓரத்து முடியிலோ, படுத்த துணியிலோ, சோற்றுப் பருக்கை போல வெள்ளையாக ஒன்று ஒட்டியிருக்கும். புதிதாக இருந்தால் நெளியும், காய்ந்தால் எள் மாதிரி ஆகிவிடும். அது நாடாப்புழுவின் துண்டு. நாய் தன் உடம்பைக் கடிக்கும்போது தெள்ளுப்பூச்சியை விழுங்கிவிடும், அந்தத் தெள்ளுக்குள்தான் இந்தப் புழுவின் குஞ்சு இருக்கிறது. இதற்குப் பிராசிகுவாண்டெல் கலந்த மருந்து வேண்டும். மனிதர்கள் போடும் ஆல்பெண்டசோலை வாங்கிக் கொடுத்தால் இந்தப் புழு போகும் என்று நம்ப முடியாது. சரியான மருந்து கொடுத்தும் மூன்று வாரத்தில் திரும்ப வருகிறது என்றால், மருந்து தோற்கவில்லை, வீட்டில் தெள்ளு இருக்கிறது. நாயின் மேல் நாம் பார்ப்பது கொஞ்சம்தான். தெள்ளின் முட்டையும் குஞ்சும் கூட்டுப்புழுவும் பாய், சோபா இடுக்கு, படுக்கைத் துணி எல்லாவற்றிலும் கிடக்கும். துணியைச் சுடுநீரில் துவைத்து, இடுக்குகளைக் கூட்டி, வீட்டில் உள்ள எல்லா நாய் பூனைகளுக்கும் ஒரே நேரத்தில் மருந்து போட வேண்டும். நாய்க்கு வாங்கிய, பெர்மெத்ரின் கலந்த தெள்ளு மருந்தைப் பூனைக்குத் தொடக்கூட விடாதீர்கள், உயிருக்கே ஆபத்து.

பையும் காலி, பூச்சியும் இல்லை, இருந்தும் தேய்க்கிறது என்றால் நான் பாதங்களைப் பார்ப்பேன். கால் விரல் இடுக்கில் முடி செம்பட்டையாகி இருந்தால் நாய் அங்கேயும் நக்குகிறது என்று அர்த்தம், எச்சில் கறை அது. காதிலும் அழுக்கும் நாற்றமும் இருந்தால் அலர்ஜி என்ற சந்தேகம் வலுக்கும். தெள்ளுக்கடியால் வரலாம், தூசியால் வரலாம், உணவால் வரலாம். உணவு என்று உறுதி செய்ய நாய் அதுவரை சாப்பிட்டிராத ஒரே வகைச் சாப்பாட்டை எட்டு வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். கோழியே சாப்பிட்டு வளர்ந்த நாய்க்குக் கோழியே ஒத்துக்கொள்ளாமல் போகலாம். எட்டு வாரத்தில் ஒரு பிஸ்கட் கொடுத்தாலும் கணக்குத் தப்பிவிடும். பாட்டிகள் ரகசியமாகக் கொடுப்பதால் தப்பிய கணக்குகள் நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் இப்போதெல்லாம் பாட்டியையும் கூட்டி வரச் சொல்லிவிடுகிறேன். மெடிக்கலில் கிடைக்கும் மனிதர்களுக்கான அரிப்பு ஆயின்ட்மென்டைத் தடவாதீர்கள். அதில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கலாம், தடவிய அடுத்த நிமிடம் நாய் நக்கிவிடும்.

நக்குவதில் இன்னும் இரண்டைச் சொல்ல வேண்டும். கருத்தடை செய்யாத பெண் நாய், பருவம் முடிந்த ஒன்றிரண்டு மாதத்தில் பிறப்புறுப்பை விடாமல் நக்குகிறதா? கூடவே தண்ணீர் நிறையக் குடிக்கிறதா, சாப்பிட மறுக்கிறதா, வாந்தி எடுக்கிறதா? கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். சீழ் வெளியே வந்தால் தெரியும், வராமல் உள்ளேயே அடைபட்டால் இன்னும் மோசம். இது நாளைக்குப் பார்க்கலாம் என்கிற நோய் இல்லை. அன்றைக்கே அறுவை செய்தால்தான் பல நாய்கள் பிழைக்கின்றன.

மற்றது, சொட்டுச் சொட்டாக ரத்தம். தெருநாய்களோடு சேர்ந்த நாய்களுக்கு, ஆணோ பெண்ணோ, பிறப்புறுப்பில் காலிபிளவர் போன்ற கட்டி வரும். இணை சேரும்போது ஒன்றிடமிருந்து ஒன்றுக்குத் தொற்றும் புற்றுக்கட்டி அது. புற்று என்றதும் நாயைக் கைவிட்டுவிடுகிறார்கள். மனம் வலிக்கிறது, ஏனென்றால் வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி என்று நான்கு முதல் ஆறு வாரம் போட்டால் பெரும்பாலான நாய்கள் முழுக்கக் குணமாகிவிடும்.

வயதான நாய்க்கு ஆசனவாய் ஓரத்தில் வலியில்லாத கல் மாதிரிக் கட்டி தட்டுப்பட்டால், பை அடைப்பு என்று விட்டுவிடாமல் காட்டுங்கள். அதுவும் புற்றாக இருக்கலாம்.

அந்தப் பொமரேனியனுக்கு மயக்க ஊசி போட்டுக் கட்டியைத் திறந்து கழுவினோம். பத்து நாள் மருந்து, புண்ணை நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு. கூம்பைக் கழற்றிவிடக் கூடாது என்று பெரியவரிடம் நான்கு தடவை சொன்னேன். பன்னிரண்டாம் நாள் நடந்தே வந்தது, வாலைத் தூக்கியபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உங்கள் நாயை இதற்காக அழைத்து வரும்போது வால் பகுதியைக் குளிப்பாட்டிவிட்டு வராதீர்கள், எனக்கு வேண்டிய அடையாளமெல்லாம் போய்விடும். அன்றைய மலத்தைக் கொஞ்சம் ஒரு சின்ன டப்பாவில் எடுத்து வாருங்கள். வெள்ளைத் துண்டு எதையாவது பார்த்திருந்தால் அதையும் போட்டு மூடிக் கொண்டு வாருங்கள்.